கூரை ஒழுகும்வரை குடம் இருக்கட்டும்: மூடிய சுரங்கங்களின் வண்டல் குட்டைகளும் மண்ணரிப்பும்

நிலக்கரிச் சுரங்கம் ஒன்று மூடப்பட்டு அந்த நிலம் மீட்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, "வண்டல் குட்டைகள் அமைத்து மண்ணரிப்பு தடுக்கப்பட்டது" என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து, "குட்டைகள் மூடப்பட்டன, மீட்புப் பணி நிறைவடைந்தது" என்று இன்னொரு வரி வரும். படிப்பதற்கு இரண்டும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் முதல் வரியில் ஒரு பிழை இருக்கிறது; இரண்டாவது வரியோ, அந்தப் பணியிலேயே மிகச் சிக்கலான கட்டத்தை இரண்டு சொற்களில் தாண்டிவிடுகிறது.

வண்டல் குட்டை மண்ணரிப்பைத் தடுப்பதில்லை. அரித்து வந்த மண்ணை, ஓடைக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. அடைமழையில் ஓட்டுக்கூரை ஒழுகினால், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு குடத்தை வைக்கிறோம். குடம் தரையைக் காப்பாற்றும். ஒழுகலை அது ஒன்றும் செய்யாது. ஓட்டை மாற்றினால்தான் ஒழுகல் நிற்கும். மாற்றிய பின் அடுத்த மழையிலும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்று பார்த்த பிறகே குடத்தை எடுக்கலாம். எடுக்கும்போதும் நிரம்பிய குடத்தை அதே தரையில் கவிழ்த்துவிடக் கூடாது. சுரங்கத்தில் கூரை என்பது மலைச்சரிவு, குடம் என்பது குட்டை. சரிவைச் சரிசெய்வதும் குட்டையை அகற்றுவதும் தனித்தனி வேலைகள். அவற்றின் வரிசை மாறினால் இரண்டுமே கெடும்.

எடுத்துக்காட்டுகளுக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரை, குறிப்பாகக் கிழக்கு கென்டக்கியையும் மேற்கு வர்ஜீனியாவையும் எடுத்துக்கொள்கிறேன். செங்குத்தான மலைகள், நிறைந்த மழை, தலைமுறைகளாக நிலக்கரி வெட்டிய வரலாறு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன. இந்த வேலைக்கென்று விரிவான சட்டமும் அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்தைச் செயல்படுத்துவதில் செய்த தவறுகளும் அவற்றைத் திருத்திய விதமும் பதிவாகியிருக்கின்றன.

எந்தக் குட்டையைப் பற்றிப் பேசுகிறோம்?

சுரங்கத்தில் நீர் தேங்கி நிற்கும் இடங்கள் எல்லாவற்றையும் குட்டை என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நிலக்கரியைக் கழுவியபின் மிஞ்சும் கருஞ்சேற்றைத் தேக்கும் பெரிய அணை ஒரு வகை. அதைக் கழிவுச்சேற்றுத் தேக்கம் எனலாம். அது உடைந்தால் ஊரே அழியும். 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் லோகன் மாவட்டத்தில் பஃபலோ கிரீக் என்ற ஓடையின் தலைப்பகுதியில் அப்படியொரு தேக்கம் உடைந்து, சுமார் 50 கோடி லிட்டர் கழிவுநீர் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 125 பேர் இறந்தனர். சுரங்கங்களுக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

நாம் பேசப்போவது அதுவல்ல. வண்டல் குட்டை என்பது, தோண்டிய நிலத்திலிருந்து மழைநீரோடு வரும் மண்ணைப் படியவைப்பதற்காகச் சரிவின் அடிவாரத்தில் கட்டப்படும் சிறிய தேக்கம். அதில் ஆலைக்கழிவு சேர்வதில்லை. மழையும் மண்ணும் மட்டுமே. பெரும்பாலும் தற்காலிகமாகவே கட்டப்படுகிறது. எனவே அதை அகற்றுவது அதன் பிறப்பிலேயே எழுதப்பட்ட விதி.

மண் ஏன் கிளம்புகிறது?

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. காட்டில் அந்த அடியை இலைகளும் சருகும் வாங்கிக்கொள்கின்றன. வெறும் மண்ணில் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டி: மண்கட்டியை உடைக்கிறது, துகள்களைத் தெறிக்கவிடுகிறது, உடைந்த பொடி மண்ணின் துளைகளை அடைக்கிறது. மழைக்குப் பின் பயிரில்லாத வயல் மண்ணில் ஏடு படிந்தாற்போல் ஒரு பொருக்கு உண்டாவதை உழவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பொருக்கு நீரை உள்ளே விடாது. உள்ளே போகாத நீர் மேலே ஓடத் தொடங்குகிறது.

ஓடும் நீர் முதலில் மெல்லிய தகடாகப் பரவி மண்ணைச் சுரண்டுகிறது. பிறகு விரலளவு கோடுகளாகச் சேர்கிறது. கோடுகள் கூடி, ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளமாகின்றன. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது அடியில் உள்ள மண்ணின்மீது செலுத்தும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே சரிவு செங்குத்தானாலும் நீண்டாலும் அரிப்பு நாம் நினைப்பதைவிட வேகமாகப் பெருகும்.

இதைக் கணக்கிட அமெரிக்க வேளாண் துறை 1965இல் ஒரு கையேட்டில் வெளியிட்ட சூத்திரம் உலகமெங்கும் பயன்படுகிறது. அதற்குப் பொது மண்ணிழப்புச் சமன்பாடு என்று பெயர். மழையின் வலிமை, மண்ணின் இயல்பு, சரிவின் நீளம், அதன் செங்குத்து, மேல்மூடல், வரப்பு போன்ற தடுப்புகள் ஆகிய ஆறையும் பெருக்கினால், ஓர் ஆண்டில் எவ்வளவு மண் போகும் என்ற மதிப்பீடு கிடைக்கும். இதில் கூட்டல் இல்லை, பெருக்கல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஆறில் ஒன்றைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் மொத்த இழப்பும் பத்தில் ஒன்றாகிவிடும். மழையை நாம் மாற்ற முடியாது. மண்ணின் இயல்பைக் கொஞ்சமே மாற்றலாம். ஆனால் மேல்மூடலின் எண், வெறும் மண்ணுக்கு 1 என்று தொடங்கி, அடர்ந்து வளர்ந்த புல்வெளிக்கு 0.01க்கும் கீழே இறங்குகிறது. நூறு மடங்கு மாற்றத்தைத் தரும் வேறு எந்தக் கருவியும் நம் கையில் இல்லை.

சுரங்கம் இந்த ஆறில் பலவற்றையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது. காட்டை வெட்டுகிறார்கள், நிலக்கரிக்கு மேலே கிடக்கும் பாறையையும் மண்ணையும் வெடிவைத்துப் பெயர்த்துக் குவிக்கிறார்கள். மேல்சுமை எனப்படும் இந்தக் குவியலில் வேரும் இல்லை, மட்கும் இல்லை. சரிவோ இன்னும் நீளமாகிவிடுகிறது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: அரிப்பு தொடங்குமிடம் சரிவின் மேற்பரப்பு. அங்கே மூடல் இருந்தால் அரிப்பு அடங்கும். இல்லையென்றால் கீழே எத்தனை குட்டை வெட்டினாலும் அரிப்பு அரிப்பாகவே இருக்கும்.

குட்டை எப்படிப் பிடிக்கிறது?

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தோட்டத்துச் செம்மண் இரண்டு கைப்பிடியைப் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கிச் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பாட்டிலைக் கீழே வைத்துக் கையை எடுப்பதற்குள் மணல் அடியில் இறங்கிவிட்டது. அதன்மேல் மாவு போன்ற ஓர் அடுக்கு படியச் சில மணி நேரம் ஆயிற்று. மேலே நின்ற நீர் மட்டும் மறுநாள் காலையிலும் பால் குறைந்த தேநீரின் நிறத்திலேயே இருந்தது.

இந்தப் பாட்டிலுக்குள் நடந்ததற்கு விதி இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த இயற்பியலர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் எழுதிய ஆய்விலிருந்து வந்தது அது. நுண்துகள் நீரில் மூழ்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். சாதாரண வெப்பநிலையில் 0.1 மி.மீ. மணல்துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டல்துகளுக்கு 3 மணி நேரம் வேண்டும். 0.001 மி.மீ. களித்துகளுக்கு ஏறக்குறைய 13 நாள். அதுவும் நீர் துளியும் அசையாமல் நிற்க வேண்டும். மழைக்காலக் குட்டையில் அப்படி நிற்காது.

ஆகவே "குட்டையில் விட்டால் நீர் தெளிந்துவிடும்" என்பது மணலுக்கு முழு உண்மை, வண்டலுக்குப் பாதி உண்மை, களிக்கு ஏறத்தாழப் பொய். களித்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. அவற்றை ஒட்டவைத்துப் பெரிய திரள்களாக்கினால் மட்டுமே மூழ்கும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததும், நகராட்சி நீர்நிலையங்கள் படிகாரம் போட்டுச் செய்வதும் அதுவே. இதற்குத் திரளவைத்தல் என்று பெயர். களி மிகுந்த சுரங்கங்களில் குட்டைக்குள் நுழையும் நீரோடு இத்தகைய பொருள்களைக் கலக்கிறார்கள்.

ஆழமான குட்டைதான் நல்ல குட்டை என்பதும் பரவலான நம்பிக்கை. இதை அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904லேயே மறுத்துக் காட்டினார். ஆழம் இரண்டு மடங்கானால் நீர் தங்கும் நேரம் இரண்டு மடங்காகும் என்பது சரி. ஆனால் துகள் மூழ்க வேண்டிய தொலைவும் இரண்டு மடங்காகிவிடுகிறதே! ஆதாயம் அங்கேயே கழிந்துபோகிறது. எனவே துகளைப் பிடிப்பது குட்டையின் பரப்பளவுதான். அதே அளவு நீருக்குச் செம்பைவிடத் தாம்பாளம் மேல். பிடித்த சேற்றை வைத்துக்கொள்ளத்தான் ஆழம் தேவைப்படுகிறது. குட்டை நீளவாக்கிலும் இருக்க வேண்டும்: நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் அருகருகே இருந்தால், பெரிய குட்டையின் பெரும்பகுதி சும்மா கிடக்க, நீர் குறுக்குவழியில் ஓடிவிடும்.

கொள்ளளவு எவ்வளவு? அமெரிக்க விதிகள் "10 ஆண்டு, 24 மணி நேர மழை" என்ற அளவைச் சொல்கின்றன. பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த மழை பெய்யும் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு மழை பெய்ய 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். பத்து ஆண்டு நிற்கும் ஒரு குட்டை அந்த மழையை ஒருமுறையாவது காண 65 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் மேல் பெய்தால் கரை உடையாமல் நீர் வழிந்தோட, நம் ஏரிகளின் கலிங்கு போன்ற ஓர் அவசரப் போக்கு வைக்கிறார்கள். அப்போது கலங்கல் நீர் வெளியே போகும், கரையாவது மிஞ்சும்.

குட்டை நிரம்ப நிரம்ப அதன் திறன் குறையும். ஆகவே சேற்றுக்கென ஒதுக்கிய இடம் பெரும்பாலும் 60 விழுக்காடு நிறைந்ததும் தூர் வாரச் சொல்கிறார்கள். தூர் வாராத குட்டை, நிரம்பி வழியும் குடம்.

சரிவைச் சரிசெய்தல்: ஒரு தவறும் அதன் திருத்தமும்

1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் மீட்புச் சட்டம், வெட்டிய மலையை ஏறத்தாழப் பழைய வடிவுக்கே கொண்டுவர வேண்டும் என்றது. மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும், பச்சை மூட வேண்டும், நிறுவனம் இவற்றைச் செய்து முடிக்கும்வரை பிணைத்தொகை கட்டியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன் கைவிடப்பட்ட சுரங்கங்களை மீட்க, வெட்டும் நிலக்கரியில் டன்னுக்கு 35 சென்ட் என்று ஒரு கட்டணமும் அன்று விதிக்கப்பட்டது (நிலத்தடிச் சுரங்கத்துக்கு 15 சென்ட்).

சட்டம் நல்லது. அதை நடைமுறைப்படுத்தியவர்கள் மண்ணரிப்புக்கு அஞ்சி, ஒரு தவறு செய்தார்கள். சரிவு குலையக் கூடாது என்று புல்டோசரை மேலும் கீழும் பலமுறை ஓட்டி, மண்ணை இறுக்கி, மொழுகிய திண்ணைபோல் ஆக்கினார்கள். கண்ணுக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது. சோதனைக்கு வந்தவர்களுக்கும் பிடித்தது. ஆனால் இறுகிய மண்ணில் நீர் இறங்காது, இறங்காத நீர் ஓடும், ஓடினால் அரிக்கும். அதோடு வேரும் இறங்காது. உடனே பச்சை காட்ட வேண்டும் என்று முரட்டுப் புல் வகைகளை அடர்த்தியாக விதைத்தார்கள். அவை மண்ணைப் பிடித்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மரக்கன்றுகளை நெரித்துவிட்டன. காடாக இருந்த மலைகள் பல ஆயிரம் ஏக்கருக்குப் புதர் மண்டிய புல்வெளியாகவே நின்றுவிட்டன.

2004இல் ஏழு அப்பலாச்சிய மாநிலங்களும் மத்திய மேற்பரப்புச் சுரங்க அலுவலகமும் இணைந்து இதைத் திருத்தும் முயற்சியைத் தொடங்கின. அதன் வழிமுறையைக் காட்டு மீட்பு முறை என்கிறார்கள். மேலே குறைந்தது 4 அடி ஆழத்துக்கு மண்ணையும் உதிர்ந்த பழுப்பு மணற்பாறையையும் இறுக்காமல் தளர்வாகக் கொட்ட வேண்டும். கடைசி ஒழுங்கை ஓரிரு ஓட்டத்தில் முடித்துவிட வேண்டும். புல்லை மிதமாக, மரத்துக்குப் போட்டியாகாதபடி விதைக்க வேண்டும். இப்படிச் செய்த சரிவு மேடும் குழியுமாக, வேலை பாதியில் நின்றதுபோல் இருக்கும். அந்தக் குழிகள்தான் மழையைப் பிடித்து உள்ளே இறக்குகின்றன. ஒழுங்கற்றுத் தெரிவதே இங்கே வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம் என்பதைப் பழைய சோதனையாளர்களுக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரமும் புல்லும் வேர்விடும்வரை உள்ள சில மாதங்கள்தான் ஆபத்தானவை. அப்போதைக்கு வைக்கோல் மூடாக்கு, ஏக்கருக்கு ஏறக்குறைய 2 டன், துளியின் அடியை வாங்கிக்கொள்கிறது. செங்குத்தான இடங்களில் மூடாக்கு நிற்காது. அங்கே தென்னை நார் வலையை விரித்து முளையடிக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் திரித்த நார் உலகின் பல சரிவுகளில் இப்படிக் கிடக்கிறது. சில ஆண்டுகளில் தானே மட்கிவிடுவதால் எடுக்கும் வேலையும் இல்லை. நீளமான சரிவை இடையிடையே படிகளாக வெட்டுவதும், மேலிருந்து வரும் நல்ல நீர் தோண்டிய பகுதிக்குள் நுழையாமல் சுற்றி அனுப்பும் வாய்க்காலும் துணைவேலைகள்.

குட்டையை எப்போது எடுக்கலாம்?

இப்போது குடத்துக்கு வருவோம். அமெரிக்க விதி இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: மேலே உள்ள நிலம் நிலைபெற்றுப் பச்சை மூடியிருக்க வேண்டும், கடைசியாக விதைத்து அல்லது உரமிட்டு ஊக்கிய நாளிலிருந்து குறைந்தது 2 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு என்பது புல் தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு. உரம் போட்ட முதல் ஆண்டில் எல்லாப் பயிரும் பச்சையாகத்தான் இருக்கும்.

நிறுவனத்துக்கோ அவசரம் இருக்கும், ஏனென்றால் பிணைத்தொகை கட்டங்கட்டமாகவே திரும்ப வரும். பள்ளத்தை நிரப்பிச் சரிவை வடிவமைத்ததும் 60 விழுக்காடு வரை கிடைக்கலாம். அடுத்த பகுதி பச்சை நிலைத்த பிறகு. அப்போதும் அந்த நிலத்திலிருந்து அளவுக்கு மேல் மண் ஓடையில் கலந்துகொண்டிருந்தால் கிடைக்காது. மிச்சம், பச்சை நிலைப்பதற்கு நிறுவனம் பொறுப்பேற்றிருக்கும் பொறுப்புக்காலம் முடிந்த பிறகு. ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு (சுமார் 660 மி.மீ.) மேல் உள்ள பகுதியில் அந்தப் பொறுப்புக்காலம் 5 ஆண்டு, அதற்குக் கீழான வறண்ட பகுதியில் 10 ஆண்டு. வறண்ட நிலத்தில் செடி மெல்ல வளரும் என்பதால் இந்த வேறுபாடு.

நீரைச் சோதிக்கும் கருவி மிக எளியது: ஒரு லிட்டர் பிடிக்கும் கூம்பு வடிவக் கண்ணாடி, நுனியில் மில்லிலிட்டர் கோடுகள். இம்ஹாஃப் கூம்பு என்பது அதன் பெயர். நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, நுனியில் எவ்வளவு மண் படிந்தது என்று பார்க்கிறார்கள். மீட்புப் பணி நடக்கும் நிலத்திலிருந்து வெளியேறும் நீரில் அது 0.5 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. பாட்டிலை நினைத்துப்பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் படியாத களி இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஆகவே கூம்பில் தேறிய நீர் தெளிந்த நீர் என்று பொருளல்ல. வெட்டும் பணி நடக்கும் காலத்தில் மிதக்கும் துகள்களின் எடையையே அளக்கிறார்கள். அங்கே ஒருநாள் உச்சவரம்பு லிட்டருக்கு 70 மி.கி., மாதச் சராசரி 35 மி.கி.

என் கருத்தில், எங்கே அளக்கிறோம் என்பது எதை அளக்கிறோம் என்பதைவிட முக்கியம். குட்டையிலிருந்து வெளியேறும் நீர் நன்றாக இருப்பது குட்டை வேலை செய்கிறது என்பதற்கே சான்று. குட்டைக்குள் நுழையும் நீரே நல்ல மழையிலும் வரம்புக்குள் இருந்தால்தான் குட்டை இனி தேவையில்லை என்று சொல்ல முடியும்.

சுருக்கமாக: சரிவு நிலைபெற வேண்டும், இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும், நுழையும் நீரைச் சோதிக்க வேண்டும். இதற்கு முன் குட்டையை எடுப்பது ஒழுகும் கூரையின் கீழிருந்து குடத்தை எடுப்பது.

எடுப்பது எப்படி?

குட்டையின் அடியில் கிடப்பது, பல ஆண்டுகளாக அந்த மலையிலிருந்து கழுவி வந்த மிக நுண்ணிய மண். நீர் எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடியது என்பதாலேயே அது அங்கே வந்து சேர்ந்தது. கரையை ஒரே வெட்டாக வெட்டித் திறந்துவிட்டால், ஐந்து ஆண்டில் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் ஓடையில் இறங்கிவிடும். ஆகவே வேலை மேலிருந்து கீழாக, மெதுவாக, மழை குறைந்த காலத்தில் நடக்க வேண்டும்.

முதலில் நீரை வடிக்க வேண்டும். மேல்நீர்தான் தெளிந்த நீர் என்பதால், மிதவையில் கட்டிய குழாய்வாயால் மேலிருந்தே எடுக்கிறார்கள். அவசரப்படவும் கூடாது. ஏரி சட்டென்று வற்றினால் கரையின் உட்புறம் சரிவதைப் பார்த்திருப்போம்: ஊறிய மண்ணுக்குள் நீர் நிற்க, வெளியே தாங்கிக்கொண்டிருந்த நீர் மட்டும் போய்விட்டால் கரை தன் கனத்திலேயே இடிந்துவிடும். கடைசியில் மிஞ்சும் கலங்கல் நீரை வடிகட்டும் துணிப்பைகளின் வழியாகவோ, அடர்ந்த புல்லின் மேல் பரவவிட்டோ அனுப்புகிறார்கள்.

அடுத்தது சேறு. மேலே வெயிலில் காய்ந்து வெடித்து, நடக்கலாம் போல் தோன்றும். அந்த ஓட்டுக்குக் கீழே தயிர். கெட்டித் தயிர் அசையாதவரை கெட்டி, ஆட்டினால் இளகிவிடும். இந்தச் சேறும் அப்படியே. இயந்திரத்தின் அதிர்வு பட்டதும் இளகி, இயந்திரத்தையே உள்வாங்கும். எனவே கரையில் நின்றபடி நீண்ட கைகொண்ட இயந்திரத்தால் அள்ளுகிறார்கள், அல்லது உலர்ந்த மண்ணையும் கல்லையும் கொட்டிக் கலந்து இறுகவைக்கிறார்கள்.

அள்ளிய சேற்றை எங்கே போடுவது? நம் ஊரில் ஏரி வண்டலுக்கும் கரம்பைக்கும் உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நினைவில், சுரங்கக் குட்டையின் வண்டலும் வளமானது என்று எண்ணிவிடக் கூடாது. ஏரி வண்டலின் வளம், வயலிலும் காட்டிலும் இருந்து வந்த மட்கு. சுரங்க வண்டல் பெரும்பாலும் அரைபட்ட பாறைப்பொடி. நிலக்கரிப் பாறைகளில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நீருக்கடியில் காற்றுப் படாமல் சும்மா கிடந்த அது, வெளியே பரப்பியதும் உயிர்வளியோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். ஆகவே முதலில் சோதனை. அமிலம் தரக்கூடியது என்றால் சுண்ணாம்பு கலந்து, நீரும் காற்றும் எட்டாதபடி ஆழத்தில் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் போட வேண்டும்.

பிறகுதான் கரை. மேலிருந்து அடுக்கடுக்காகக் குறைத்து, பழைய பள்ளத்தாக்கின் அகலத்துக்குத் திறக்க வேண்டும். குறுகலாக ஒரு வாய் வெட்டினால் நீர் அங்கே நெருங்கி வேகம் பிடிக்கும். அடிமட்டமும் முக்கியம்: வெட்டிய வாயின் அடி, கீழே ஓடும் ஓடையின் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்து நின்றாலும் அங்கே ஒரு சிறு அருவி உண்டாகும். அருவி தன் காலடியைக் குடைந்து, விளிம்பை இடித்து, மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். இதைப் பின்னோக்கிய அரிப்பு என்பார்கள். எஞ்சிய வண்டல் முழுவதையும் அது தின்றுவிடும்.

புதிய ஓடைப்பாதையில் ஏரிக்கரையில் கல் பாவுவதுபோல் கூர்முனைக் கற்களைப் பதிக்கிறார்கள். உருண்டைக் கல் உருளும், கூர்முனைக் கல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கல்லுக்கடியில் சரளையோ வடிதுணியோ இல்லையென்றால், கல்லிடுக்குகளின் வழியே நீர் கீழ்மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். கல் அப்படியே இருக்க, அடிமண் போய், ஒருநாள் மொத்தமும் இறங்கும். இந்த வேலை நடக்கும் நாள்களில் ஓடைநீரைக் குழாய்வழியே பக்கவாட்டில் கடத்துவதும், அன்றன்று வெட்டிய இடத்தை அன்றன்றே விதைத்து மூடாக்குப் போடுவதும் வழக்கம். குட்டையை எடுப்பதே ஒரு புதிய தோண்டல் என்பதால், சரிவுக்குச் சொன்ன எல்லாம் இந்தச் சிறு நிலத்துக்கும் பொருந்தும். ஒரே வேறுபாடு, இதற்குக் கீழே இன்னொரு குட்டை கிடையாது.

எல்லாக் குட்டையையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கரை உறுதியாக இருந்து, நீரின் தரமும் சரியாக இருந்து, நிலத்தின் உரிமையாளர் கேட்டால் நிரந்தரக் குளமாக விட அனுமதி உண்டு. பல இடங்களில் மீனும் வாத்தும் குடியேறிவிட்டன. ஆனால் கரையை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாமல், எடுக்கும் செலவை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் விடப்படும் குட்டையைக் குளம் என்று அழைப்பது பொருந்தாது.

வறண்ட நிலத்தில் கதை தலைகீழ்

அப்பலாச்சியாவுக்குச் சொன்ன அதே விதிகள் நியூ மெக்சிகோ, அரிசோனா போன்ற மேற்கு மாநிலங்களின் சுரங்கங்களுக்கும் நீண்டகாலம் விதிக்கப்பட்டிருந்தன. அங்கே மழை குறைவு, செடி குறைவு. சுரங்கமே வராத ஓடைகளிலும் மழை பெய்தால் செங்குழம்புதான் ஓடும். அந்த ஓடைகளின் படுகை அந்தக் குழம்புக்கு ஏற்றபடி அமைந்தது: கொஞ்சம் மண்ணை இறக்கும், கொஞ்சம் எடுத்துச் செல்லும். குட்டை அந்த மண்ணையெல்லாம் பிடித்துக்கொண்டு தெளிந்த நீரை வெளியேவிட்டால், சுமையில்லாத அந்த நீர் தன் சுமையைத் தேடிக் கீழே உள்ள படுகையையும் கரையையும் தின்னத் தொடங்குகிறது. பசித்த நீர் என்று பொறியாளர்கள் அதைச் சொல்வதுண்டு. மண்ணரிப்புக்காகக் கட்டிய குட்டையே கீழே மண்ணரிப்பை உண்டாக்கியது. தேங்கிய நீரில் பெரும்பகுதி ஆவியாகவும் போய், கீழே உள்ளவர்களுக்குக் கிடைக்காமலாயிற்று.

இதை ஏற்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002 ஜனவரியில் விதியை மாற்றியது. ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேற்படாத, காரத்தன்மையுள்ள நீர் வடியும் மேற்குச் சுரங்கங்களின் மீட்பு நிலங்களுக்கு, கூம்பில் படியும் மண்ணின் வரம்பு இனி அளவுகோல் அல்ல. மீட்ட நிலத்திலிருந்து ஆண்டுதோறும் போகும் மண், தோண்டுவதற்கு முன் போன அளவைத் தாண்டாது என்று காட்டும் திட்டமே போதும். குடத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கச் சொன்ன விதி அது.

நியூ மெக்சிகோவின் லா பிளாட்டா சுரங்கத்தில் அந்தக் கூரையை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கலாம். நேர்கோட்டுச் சரிவும் அதன் குறுக்கே படிகளும் என்ற வழக்கமான வடிவத்தை விட்டுவிட்டு, பக்கத்து இயற்கைக் குன்றுகளை அளந்து, அதே வளைவுகளை மீட்ட நிலத்தில் இயந்திரத்தால் செதுக்கினார்கள். மேலே புடைத்தும் கீழே குழிந்தும் இறங்கும் சரிவுகள், அவற்றுக்கிடையே சிறுசிறு பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றிலும் நெளிந்து செல்லும் ஓடை. எந்தச் சரிவும் நீர் வேகம் பிடிக்கும் அளவுக்கு நீளமில்லை. மண்ணைக் கொண்டுவரும் நீர் அதைத் தன் வழியிலேயே இறக்கிவைத்துப் போக இடம் இருக்கிறது.